முத்திரை இல்லாத தராசு

என் பெரியம்மாவின் எடை எங்கள் ஊரான குருநகரில் பலருக்கும் தெரிந்த விஷயம். அதை அவரே சொல்லித் திரிவார். அவர் கருவாட்டு வியாபாரி. கடற்கரையோரம் இருந்த அவருடைய கிட்டங்கியில், மூட்டை நிறுக்கிற பெரிய பட்டடைத் தராசு ஒன்று இருந்தது. நோன்பிருக்கிற தவக்காலம் தொடங்கும் நாளில் அதில் ஏறி நிற்பார். அது முடிகிற பாஸ்காவுக்கு மறுநாள் திரும்பவும் ஏறுவார். இறங்கி, கருவாடு அடுக்கிக்கொண்டிருக்கும் பெண்களிடம் கணக்கைச் சொல்லுவார்.

"இந்த முறை மூண்டு றாத்தல்தான் குறைஞ்சிருக்கு. ஆண்டவருக்கு நான் பெரிசா ஒண்டும் குடுக்கேல்லை."

நான் அப்போது யாழ்ப்பாண நகரில் ஒரு பிரக்கிறாசியாரின், அதாவது வக்கீலின், கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். காணி உறுதிகளும் வழக்குக் கடிதங்களும் நாள் முழுக்க அடிப்பேன். அறுபதுகளின் நடுப்பகுதி. அந்த வருடம் சோளகக் காற்று வீசுகிற காலத்தில் பெரியப்பாவின் வள்ளத்து எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், மூன்று நாள் கழித்துத்தான் அவர் கரை வந்தார். வந்தவர் ஒரு பானை கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினார். பெரியம்மா அந்த மூன்று நாளில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். ஆள் திரும்பி வந்தால் அவருடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி.

பெரியப்பா ஐந்தடி எட்டு அங்குலம். நகரத்தில் மெழுகுதிரி வார்ப்பவர் அந்த அளவைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். ஆனாலும் வார்த்து, நீளமான ஒரு பெட்டியில் வைத்துத் தந்தார். கப்பலும் ரயிலுமாக மாறி மாறிப் போனால் அது உடைந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வியாபாரமும் அந்த வருடம் நன்றாக இருந்தது. அதனால் பெரியம்மா பலாலியில் இருந்து திருச்சிக்கு விமானத்தில் போவதென்று தீர்மானித்தார். பெரியப்பா வர மறுத்துவிட்டார்.

"கடலிலை எஞ்சின் நிண்டா மூண்டு நாள் மிதக்கலாம். மேலை நிண்டா என்ன செய்யிறது? நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ."

பிள்ளை என்றது என்னை. அப்படித்தான் நான் முதன்முதலாக விமானத்தில் ஏறப்போனேன்.

நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் பாதிப்பேர் தங்கள் நேர்த்திகளையும் கொண்டுவந்து தந்துவிட்டார்கள். சின்ன மெழுகுதிரிகள், வெள்ளியில் செய்த கண், கால், ஒரு குட்டி வள்ளம். ஆளுக்கு நாற்பத்து நான்கு றாத்தல் சாமான் கொண்டுபோகலாம் என்று பயணச்சீட்டில் இருந்தது. பெரியம்மா கிட்டங்கித் தராசில் எல்லாவற்றையும் வைத்து, எடுத்து, மாற்றி, இருவருக்கும் ஆளுக்கு நாற்பத்து மூன்று றாத்தலாகப் பங்கிட்டுக் கட்டினார்.

பலாலியில் பயணிகள் மண்டபம் சிறியது. ஒரு மேசை, அதன் பின்னால் விமானக் கம்பனியின் கிளாக்கர், பக்கத்தில் ஒரு தராசு. மணிக்கூடு போல வட்டமான முகமும் ஒரு முள்ளும் அதில் இருந்தன. அந்த நாட்களில் அந்தச் சின்ன விமானங்களில் ஏறுகிறவர்களையும் சாமானோடு நிறுப்பார்கள். கிளாக்கர் என் வயது மதிக்கத்தக்க இளைஞர். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மரியாதையான பேச்சு. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். முள் ஆடி ஆடி ஓய்ந்தது.

"நூற்றி எண்பத்தேழு," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதப்போனார்.

"எழுதாதையும் தம்பி. நான் நூற்றி எழுபது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளாக்கரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பரவாயில்லை அம்மா, உங்கடை நிறைக்குக் காசு இல்லை."

"காசு இல்லையெண்டா பிழையா எழுதலாமோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "விடுங்கோ பெரியம்மா," என்று அவருடைய கையைப் பிடித்து இறக்கினேன். அடுத்து சாமான்கள். மெழுகுதிரிப் பெட்டி தராசில் படுக்காது என்பதால் கிளாக்கர் அதை நிமிர்த்தி வைத்து, ஒரு விரலால் தொட்டுப் பிடித்தபடி முள்ளைப் பார்த்தார். அதோடு பெரியம்மாவின் பையையும் வைத்தபோது நாற்பத்தேழைத் தாண்டியது. என்னுடையதும் அப்படியே.

"ரெண்டு பேருக்கும் மூண்டு மூண்டு றாத்தல் கூட. அதுக்குக் காசு கட்டவேணும் அம்மா. இல்லாட்டி எதையாவது எடுத்துப்போட்டுப் போங்கோ."

பெரியம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தி, தராசின் அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு எழும்பி, "முத்திரை எங்கை?" என்று கேட்டார்.

"என்ன முத்திரை?"

"வருசா வருசம் நிறுவை இன்ஸ்பெக்டர் வந்து குத்திற முத்திரை. அது இல்லாத தராசிலை நான் ஒரு நெத்தலியை நிறுத்து வித்தாலும் என்னைக் கோட்டுக்கு இழுப்பினம்."

"இது பிளேன் கம்பனித் தராசு அம்மா. கடைத் தராசு இல்லை."

"நிறுத்துக் காசு வாங்கினா அது கடைதான் தம்பி."

எங்களுக்குப் பின்னால் ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். சுன்னாகத்துப் பக்கம். திருச்சியில் வேலை செய்யும் கணவனிடம் போகிறவள். அவளுடைய பையை ஏற்கெனவே ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு, கூடுதல் என்று திருப்பி விட்டிருந்தார்கள். அவள் தரையில் குந்தி பையைத் திறந்து, குழந்தைக்கான இரண்டு பால்மாப் பேணிகளை வெளியே எடுத்து, வழியனுப்ப வந்த தம்பியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா அதைக் கண்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை பால்மாவை எடுக்கிறாய்?"

"எடுக்காட்டிக் காசு கட்டவேணுமாம். என்னட்டைக் கட்ட இல்லை அம்மா."

அதுவரை பெரியம்மாவின் பேச்சில் ஒரு விளையாட்டு இருந்தது. அது போய்விட்டது.

"திருப்பி உள்ளை வை. ஒருத்தரும் ஒண்டையும் எடுக்க வேண்டாம், ஒருத்தரும் காசு கட்டவும் வேண்டாம். முதல் தராசைப் பாப்பம்."

வரிசையில் சலசலப்பு எழுந்தது. சிலருக்கு எரிச்சல், பிளேனை விட்டுவிடுவோமோ என்ற பயம். அப்போது சால்வையும் குடையுமாக நின்ற ஒரு மெல்லிய மனிதர் முன்னே வந்தார். நெல்லியடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்டர் என்று பிறகு தெரிந்தது.

"உவ கேக்கிறது நியாயம்," என்றார். "ஆனா தராசு பிழையெண்டு சொன்னாப் போதாது. காட்டவேணும். நிறை தெரிஞ்ச சாமான் ஒண்டு வேணும்."

நிறை தெரிந்த சாமானுக்கு அந்த மண்டபத்தில் எங்கே போவது? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து வாசலில் தபால் வான் வந்து நின்றது. தபால் பியோன் இரண்டு கன்வஸ் பைகளை இறக்கினார். ஒவ்வொரு பையின் கழுத்திலும், தபால் கந்தோரில் நிறுத்து எழுதின சீட்டு ஆடியது. மாஸ்டரும் பெரியம்மாவும் ஒரே நேரத்தில் அதைக் கண்டார்கள்.

பியோன் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அரசாங்கப் பை. இதிலை ஒருத்தரும் கை வைக்கேலாது."

"நாங்கள் கை வைக்கேல்லை," என்றார் மாஸ்டர். "நீரே வையும்."

பியோனுக்கும் ஆவல் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய பையைத் தூக்கித் தராசில் வைத்தார். சீட்டில் நாற்பது என்று இருந்தது. முள் நாற்பத்து நான்கில் நின்றது.

"ஒரு பை போதாது. மற்றதையும் வையும்," என்றார் மாஸ்டர்.

சின்னப் பையின் சீட்டில் இருபது. முள் இருபத்திரண்டு.

மாஸ்டர் தன் பயணச்சீட்டு உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தார். "பத்துக்கு ஒண்டு கூடக் காட்டுது," என்று அறிவித்துவிட்டு, பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "அப்பிடியெண்டா நீங்கள் நூற்றி எழுபதுதான்."

"அதைத்தானே நான் முதலே சொன்னனான்."

கிளாக்கரின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு உண்மையாத் தெரியாது அம்மா," என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது பார்க்கவே தெரிந்தது. ஏன் இன்னும் ஒருவரும் ஏறவில்லை என்று பார்க்க விமானி உள்ளே வந்தார். தமிழ் தெரியாதவர். நான் என் கந்தோர் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். விமானம் நினைத்ததைவிடப் பாரம் குறைவு என்றால் அவருக்குச் சந்தோசம்தானே என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கூடினாலும் குறைந்தாலும் தனக்குச் சரியான நிறை வேண்டும், பிழையான கணக்கோடு தான் பறப்பதில்லை என்றார். அன்றைக்கு ஒருவரிடமும் கூடுதல் நிறைக்காசு வாங்கவேண்டாம் என்றும் கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார். முழுப் பட்டியலையும் மாஸ்டர் கிளாக்கரின் கதிரையில் அமர்ந்து திரும்பக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். பால்மாப் பேணிகள் பைக்குள் போயின. நாங்கள் அரை மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டோம்.

மெழுகுதிரிப் பெட்டி வேறெங்கும் கொள்ளாததால், இருக்கைகளுக்கு நடுவே நடைபாதையில் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். நான் சன்னலோரம் இருந்து கடலைப் பார்க்கவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். விமானம் நிமிர்ந்ததும் பெரியம்மா என் முழங்கையில் தட்டினார்.

"பிள்ளை, இண்டைக்கு நாங்கள் தப்பியிட்டம். நேற்றுப் போனவை? நாளைக்குப் போறவை?"

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"உனக்கு எழுதத் தெரியும். எல்லாரிட்டையும் பேரும் விலாசமும் கையெழுத்தும் வாங்கு. கம்பனிக்கு எழுதுவம்."

விமானப் பணிப்பெண் கடதாசியும் பென்சிலும் தந்தாள். நான் ஒவ்வொரு இருக்கையாகப் போனேன். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பெட்டியைத் தாண்டவேண்டும். பெரியப்பாவின் முழு உயரத்தையும் அன்று எத்தனை முறை தாண்டினேன் என்று கணக்கில்லை. சிலர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வியாபாரி, போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் தான் கட்டிய பற்றுச்சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்னொருவர், பிறகு தனக்கு இடம் தரமாட்டார்களோ என்று தயங்கினார். பால்மாக்காரி குழந்தையை என் கையில் தந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் முடித்து நான் என் இருக்கைக்கு வந்தபோது சன்னலுக்கு வெளியே வயல்கள் தெரிந்தன. கடல் முடிந்துவிட்டது.

வேளாங்கண்ணியில் மெழுகுதிரியை இரண்டு பேர் சேர்ந்து நிறுத்தவேண்டியிருந்தது. பெரியம்மா அதன் முன்னால் நெடுநேரம் முழங்காலில் இருந்தார். தெருவார் தந்த நேர்த்திகளை ஒவ்வொன்றாக, யாருடையது என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்தார். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடதாசி பத்திரமா இருக்கோ?"

ஊருக்குத் திரும்பியதும் கடிதத்தை எழுதினேன். தராசைத் திருத்தவேண்டும். வருடந்தோறும் முத்திரை குத்தவேண்டும். கூடுதலாக வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பயணிகளுக்கு என்ன உரிமை, எதற்கு என்ன கட்டணம் என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டவேண்டும். வேலை முடிந்தபிறகு கந்தோரிலேயே அடிக்க பிரக்கிறாசியார் அனுமதி தந்தார். வாங்கி வாசித்தவர், பேனையை எடுத்து 'வெட்கக்கேடான', 'பகற்கொள்ளை' என்று நான் போட்டிருந்த சொற்களை எல்லாம் வெட்டினார். "கோபத்தைக் குறையும். நிறையை எழுதும்," என்றார். திரும்ப அடித்தேன். அது எனக்கே நல்ல கடிதமாகத் தெரிந்தது.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. மூன்றே வரி. தராசு கொழும்பில் பரிசோதிக்கப்பட்டுச் சரியென்று காணப்பட்டது. வாங்கிய கட்டணம் திருப்பிக் கொடுக்கப்படமாட்டாது. தங்கள் அக்கறைக்கு நன்றி. எனக்கு அழுகை வந்தது. வாசித்துச் சொன்னபோது பெரியம்மா, கருவாட்டுக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"இதிலை முத்திரையைப் பற்றி எங்கை இருக்கு?"

"இல்லை."

"அப்ப அவை அதுக்குப் பதில் சொல்லேல்லை. சரி, இன்ஸ்பெக்டர் வரட்டும்."

நிறுவை இன்ஸ்பெக்டர் அந்த மாதக் கடைசியில் பெரியம்மாவின் தராசுக்கு முத்திரை குத்த வந்தார். பெரியம்மா அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் நாடியைத் தடவினார்.

"பிளேன் ஏறுற இடத்திலை தராசு இருக்குமெண்டு நான் யோசிக்கவேயில்லை. நிறுத்துக் காசு வாங்கினமெண்டா அதுவும் சட்டத்துக்கு உட்பட்டதுதான்."

சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் பலாலி பஸ்ஸில் ஏறினோம். இன்ஸ்பெக்டரின் படிக்கல் பெட்டிக்குக் கொண்டக்டர் சாமான் ரிக்கெற் கேட்டார். "அரசாங்கப் படிக்கல்," என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். "அப்ப அரசாங்கம் காசு தரும்தானே," என்றார் கொண்டக்டர். பெரியம்மா சிரித்துக்கொண்டே ரிக்கெற் வாங்கினார்.

மண்டபத்தில் அதே கிளாக்கர் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி நின்றார். இன்ஸ்பெக்டர் பித்தளைப் படிக்கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். மாஸ்டர் சொன்னது அச்சொட்டாகச் சரி. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ளை இருக்கிற சுருள்வில்லு இளகிப்போச்சு," என்றார். தராசின் முகத்தில், பாவிக்கக்கூடாது என்று ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார். கிளாக்கர் எங்களை வாசல்வரை கூட்டிவந்து, பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்குப் பிறகு ஒவ்வொருத்தரிட்டைக் காசு வாங்கேக்கையும் எனக்கு மனம் சரியில்லை அம்மா. நல்ல வேலை செய்தீங்கள்."

அடுத்த புதன்கிழமை நான் கிட்டங்கிக்குப் போனபோது வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே, கொழும்பிலிருந்து வந்த கம்பனி அதிகாரி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாரைக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றார். பக்கத்தில் கிளாக்கர். புதுத் தராசு கப்பலில் வரவேண்டும், சில மாதம் செல்லும். அதுவரைக்கும் முத்திரை குத்தின நல்ல தராசு ஒன்று தேவை. ஊரிலே யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது கிளாக்கர் இந்த விலாசத்தைச் சொல்லியிருக்கிறார். அதிகாரி இதைச் சொல்லும்போது கிளாக்கர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"வாடகை எவ்வளவு எண்டாலும் தரலாம்," என்றார் அதிகாரி. அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"வாடகை எனக்கு வேண்டாம் ஐயா," என்றார் பெரியம்மா. "பற்றுச்சீட்டு வைச்சிருக்கிற ஆக்களுக்குக் கூட வாங்கின காசைக் குடுங்கோ. எதுக்கு என்ன காசு எண்டு தமிழிலை எழுதி மாட்டுங்கோ. தராசைக் கொண்டுபோங்கோ."

"பற்றுச்சீட்டு இல்லாத ஆக்கள்?"

"அவைக்கு நான் என்ன செய்யிறது? நீங்கள் சீட்டுக் குடுக்காமல் காசு வாங்கினனீங்களோ?"

அதிகாரி பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்திலேயே, ஒரு மூட்டைமேல் கடதாசியை வைத்து நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார்.

தராசை லொறியில் ஏற்றுமுன் நாங்கள் அதைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டு இரண்டு நாள் கழுவினோம். பலகையில் ஊறிய மணம் போகவில்லை. நாலு மாதமாகப் பலாலியில் இருந்து போன பெட்டிகளில் எல்லாம் கருவாட்டு மணம் இலேசாக ஒட்டிக்கொண்டு போயிற்று. திருச்சியில் சுங்க அதிகாரிகள், பெட்டிக்குள் கருவாடு இருக்கிறதா என்று பலமுறை கேட்டார்களாம். அதைப்பற்றி ஒருவரும் கம்பனிக்கு முறைப்பாடு எழுதவில்லை. நிறை சரியாக இருந்தது.

காசு திரும்பி வந்தது. ஒரேயடியாக அல்ல, நான் இன்னும் இரண்டு கடிதம் எழுதவேண்டி இருந்தது. ஆனாலும் வந்தது. வியாபாரி ஒரு பெட்டி மஸ்கற் இனிப்பு வாங்கிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். நெல்லியடி மாஸ்டர் முந்தி ஒரு பயணத்தில் கட்டிய காசில், தன் கணக்கின்படி தனக்கு ஐந்து சதம் கூட வந்துவிட்டது என்று சொல்லி, அதற்குத் தபால் முத்திரை வாங்கி உறையில் வைத்துக் கம்பனிக்குத் திருப்பி அனுப்பினார். பால்மாக்காரி திருச்சியில் இருந்து ஒரு தபாலட்டை போட்டிருந்தாள். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதாம்.

தமிழில் எழுதிய பலகையும் மாட்டினார்கள். எழுத்துப் பிழைகள் இருந்தன. அடுத்த முறை போனபோது கிளாக்கரிடம் சொன்னேன். அவர் தானே தூரிகை எடுத்துத் திருத்தினார்.

அதற்குப் பிறகு ஆட்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். பிளேன் வராமல் ஒரு பகல் முழுக்கச் சாப்பாடின்றி இருந்தவர்கள், பெட்டி உடைந்து வந்தவர்கள், இடம் பதிந்துவிட்டுக் கடைசி நேரத்தில் வேறொருவருக்காக இறக்கிவிடப்பட்டவர்கள். பயணச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை நான் அதற்குள் முழுவதும் வாசித்து வைத்திருந்தேன். பிந்தினால் சாப்பாடு தரவேண்டும் என்று அதிலேயே இருந்தது. அப்படி இருப்பது ஒருவருக்கும் தெரியாது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நான் அடித்த கடிதங்கள் எத்தனையோ. பாதிக்குப் பதில் வந்தது. அந்தப் பாதியில் பாதிக்கு நல்ல பதில் வந்தது. அதுவே எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் கோபத்தைக் கொட்டி அடித்துவிட்டு, பிறகு நானே அதை வெட்டிவிடுவேன்.

பிரக்கிறாசியாருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. தன்னிடம் வருகிறவர்களைவிட என்னிடம் வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்று முணுமுணுத்தார். ஒருநாள் மத்தியானம் ஒரு வயதான மனுசி பயணச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நெடுநேரம் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். பிரக்கிறாசியார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு கந்தோர்ப் பியோனைக் கூப்பிட்டு, என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை போடச் சொன்னார்.